பீலிக்கரையில் சொன்னது

முதல்ல ஒன்னு சொல்லிடுறேன். இந்தக் கதையில வர்ற தோட்டத்துப் பேரைச் சொல்ல மாட்டேன். நமுனுகுல மலைப்பக்கம் ஒரு தோட்டம், அவ்வளவுதான். இராக்கம்மான்னு ஒரு பொம்பளை வருவா. அது அவ பேர் இல்ல, நான் வச்ச பேர். பசறை பஸ்ஸுல ஏறிப் போய் யாரு எவருன்னு விசாரிக்கலாம்னு யாராவது நெனச்சா வீண் அலைச்சல். றீட்டா மிஸ்ஸோட பேர் மட்டும் நெசம். கடைசியில இன்னொரு பேரும் நெசமா வரும். அதைச் சொல்றதுக்காகத்தான் இவ்வளவும் பேசுறேன்.

நான் அலவி. பதுளையில டிரைவர். லொறி, வேன், கலியாணக் கார், செத்தவங்களைக் கொண்டு போற மையித்து வண்டி, எல்லாம் ஓட்டியாச்சு. எழுபத்தொன்பதுல கொழும்புலருந்து ஒரு டொக்டர் வந்து தோட்டம் தோட்டமா ஒரு கணக்கெடுக்கணும், ஜீப்பும் ஆளும் வேணும்னார். தோட்டத்துல பிறக்கிற பிள்ளைகள் ஏன் இப்படிச் சாகுது, எத்தனை பிறந்திச்சு, எத்தனை போச்சு, என்னத்தால போச்சு, இதைத்தான் வீடு வீடாப் போய்க் கேட்கிறது. டொக்டர் பேர் நல்லையா. யாழ்ப்பாணத்து மனுசன். நல்லவர்தான். ஆனா சிரிச்சா பல்லு கழண்டு விழுந்திடும்னு பயந்தவர் மாதிரியே இருப்பார்.

கேள்வி கேட்கிற வேலைக்கு அவர் எடுத்தது றீட்டா மிஸ்ஸை. முப்பது வயசு தாண்டியிருக்கும், கலியாணம் முடிக்கல்ல. அப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்துல பிறந்து, வேதக்காரப் பள்ளிக்கூடத்துல படிச்சு, பண்டாரவளையில சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தவங்க. திடீர்னு ஒரு நாள் அந்த வேலைய விட்டுட்டுப் பதுளையில அண்ணன் மத்தேயு வீட்டுக்கு வந்துட்டாங்க. மத்தேயு தையல்காரன், எனக்கு நல்லாப் பழக்கம். ஏன்டா தங்கச்சி வேலைய விட்டான்னு கேட்டா, "நெஞ்சு வருத்தம் நானா"ம்பான், அண்ணன்னு சொல்றதை எங்க ஆளுங்களை அப்படித்தான் கூப்பிடுறது. நெஞ்சு வருத்தக்காரி நமுனுகுல ஏத்தத்துல என்னை விட வேகமா ஏறுறதை நான் பிறகு பார்த்தேன். அடுத்தவன் வீட்டு வருத்தம் நமக்கென்னத்துக்குன்னு விட்டுட்டேன்.

மிஸ் ஜீப்புல முன் சீட்டுல ஏற மாட்டாங்க. பின்னால, ஸ்டெப்னி டயருக்குப் பக்கத்துலதான். காலுக்கு ரப்பர் பூட்ஸ் வாங்கிக் குடுத்தா, பூட்ஸ் போட்டு தொழிலாளிங்க லயத்துக்குப் போனா துரையம்மான்னு நெனப்பாங்கன்னு சொல்லி வெறும் செருப்போட போவாங்க. போய் அட்டைக் கடி வாங்கிக்கிட்டு வருவாங்க. ஜீப் முழுக்க ரத்தம். கழுவுறது யாரு? நான்தான். ரெண்டு தரம் சத்தம் போட்டேன். "சரி நானா, சரி நானா"ன்னு சொல்லிட்டு மறுநாளும் அதே செருப்புதான்.

டொக்டர் சட்டம் கறாரு. தாள்ல பேர் எழுதக் கூடாது, நம்பர்தான். யார் என்ன சொன்னாங்கன்னு அண்ணன்கிட்டயும் சொல்லக் கூடாது, ஆண்டவன்கிட்டயும் சொல்லக் கூடாது. இன்னொன்னு, கேள்வி கேட்கிறவ தன் கதையச் சொல்லக் கூடாது. சொன்னா, எதிர்ல இருக்கிறவ அதுக்கேத்த மாதிரிப் பதில் சொல்லுவாளாம், கணக்குக் கெட்டுப் போயிடுமாம். இதையெல்லாம் பதுளையிலருந்து பசறை வரைக்கும் ஜீப்புல பாடம் நடத்துவார். எனக்கே மனப்பாடம்.

நான் சொல்ற தோட்டத்துக்கு நாங்க போனது நல்ல மழைக் காலத்துல. லயத்தைப் பார்த்தவங்களுக்குத் தெரியும், நீட்டு வரிசைக் கட்டடம், குடும்பத்துக்கு ஒரு காம்பரா, ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவுல இருக்கிற சுவர் கூரை வரைக்கும் போகாது. மேல வெட்டவெளி. ஒரு வீட்டுல இருமினா நாலாவது வீட்டுலருந்து தண்ணி எடுத்துக்கிட்டு வருவாங்க. அந்தச் சுவருக்குள்ள உட்கார்ந்து, "அம்மா, உங்களுக்குப் பிறந்து செத்துப் போன பிள்ளைங்க உண்டா?"ன்னு மெதுவாக் கேட்கணுமாம். மெதுவா! கொழும்புல மேசையில உட்கார்ந்து யோசிச்ச ஆளுக்கு அந்தச் சுவரைப் பத்தி என்ன தெரியும்?

அதோட அப்ப தோட்டத்து ஆளுங்க இந்தியாவா இலங்கையான்னு பிரஜாவுரிமைக் கடதாசி விசாரணை நடந்துக்கிட்டிருந்த நேரம். கால்சட்டை போட்டவன் யார் வந்து பேர் கேட்டாலும், கப்பல்ல ஏத்தத்தான் கேட்கிறான்னு பயம். முதல் வாரம் பூராவும் மிஸ் போன வீட்டுலயெல்லாம் ஒரே பதில்தான். எங்களுக்குச் செத்த பிள்ளை இல்லீங்க. சாமி குடுத்ததெல்லாம் இருக்குங்க. சொல்லிட்டுத் தேத்தண்ணி குடுத்து, திருப்பி ஒரு கேள்வியும் கேட்பாங்க.

"மிஸ்ஸுக்கு எத்தன புள்ளைங்க?"

"எனக்கு இல்லம்மா. கலியாணமே ஆகல்லியே."

இது வெளியில இஸ்தோப்புத் திண்ணையில நின்ன எனக்கே கேட்டிச்சு. சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னாங்க.

வாரக் கடைசியில டொக்டர் வந்து தாளையெல்லாம் புரட்டினார். புரட்டப் புரட்ட முகம் கறுத்துப் போச்சு. "என்ன றீட்டா, இதென்ன கணக்கு? ஒருத்தியின்ரை பிள்ளையும் சாகேல்லையாம். அப்ப அந்தத் தேயிலைக் கரையில கிடக்கிற சின்னக் குழியெல்லாம் ஆரின்ரை?" அப்படின்னு கத்தினார். நெசந்தான். தோட்டத்து எல்லையில, சவுக்கு மரத்தடியில, கல்லு வச்ச சின்னச் சின்ன மேடு எத்தனையோ கிடந்திச்சு. நானே ஜீப்பை அங்க திருப்ப மாட்டேன்.

மிஸ் பயப்படல்ல. "சேர், லயத்துல கேட்டா இந்தப் பதில்தான் வரும். பீலியில கேட்க விடுங்க"ன்னாங்க. பீலின்னா மலையில இருந்து மூங்கில்லயோ தகரத்துலயோ தண்ணியை இழுத்து விட்டிருப்பாங்களே, பொம்பளைங்க குளிக்கிறது, துவைக்கிறது, குடம் பிடிக்கிறது எல்லாம் அங்கதான். தண்ணி கல்லுல விழுற சத்தத்துல பக்கத்துல நிக்கிறவ பேசுறது கூட விளங்காது. ஆம்பிளை எவனும் அந்தப் பக்கம் வர மாட்டான். டொக்டர் முணுமுணுத்தார். தாள் நனைஞ்சிடும்னார். கடைசியில, "என்னவாவது செய்யுங்கோ"ன்னு விட்டார்.

அதுக்குப் பிறகுதான் பதில் வர ஆரம்பிச்சிச்சு. நான் மேல ரோட்டுல ஜீப்புல இருப்பேன். கீழ மிஸ் துவைக்கிற கல்லுல ஒரு பொம்பளையோட உட்கார்ந்திருப்பாங்க. சில நாள் அந்தப் பொம்பளை அழுவா. என்ன பேசினாங்கன்னு வரும்போது கேட்பேன், சும்மா பொழுது போகணுமே. "மழை வரும்போல நானா"ம்பாங்க. அவ்வளவுதான். சரியான அழுத்தம்.

இராக்கம்மா விசயத்துக்கு வர்றேன். இது மிஸ் சொல்லி எனக்குத் தெரிஞ்சதில்ல, வல்லாஹி. எத்தனையோ வருசம் கழிச்சு, மகள் புருசனோட கடல் தாண்டிப் போய்ச் சேர்ந்த பிறகு, அந்தம்மாவே பதுளைச் சந்தையில என்னைப் பிடிச்சு நிறுத்திச் சொன்னது. "பேரச் சொல்லாமச் சொல்லுங்க டைவரய்யா. இல்லாட்டி அந்த மிஸ்ஸு எதுக்காக வாயத் தொறந்தாங்கன்னு யாருக்கு வெளங்கும்?"னு அந்தம்மாதான் கேட்டா.

அந்தம்மாவுக்கு மூத்தது ஒரு பொம்பளைப் பிள்ளை. மூணு வயசுல வயித்தாலை போய்ச் செத்துப் போச்சு. அடுத்ததும் பொம்பளைப் பிள்ளை பிறந்திச்சு. செத்ததை யாரும் பதியல்ல, பிறந்ததையும் யாரும் பதியல்ல. மூத்தவளோட பிறப்புக் கடதாசி வீட்டுல சும்மாதானே கிடக்கு, அதையே சின்னவளுக்கு வச்சுக்கிட்டாங்க. தோட்டத்துல இது ஒன்னும் புதுசில்ல. கடதாசிப்படி மூணு வயசு கூட, அதனால மூணு வருசம் முந்தியே பேர் பதிஞ்சு கொழுந்தெடுக்கப் போகலாம். அவ காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்கு நிக்கிறது, சம்பளம் எடுக்கிறது, பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டது, எல்லாம் செத்துப் போன அக்காவோட கடதாசியில. அவளுக்குன்னு ஒரு துண்டுக் கடதாசி இந்த உலகத்துல கிடையாது. இப்ப, பிள்ளை செத்திச்சான்னு கேட்டா இராக்கம்மா என்ன சொல்லுவா? ஆமான்னா, உயிரோட இருக்கிற பிள்ளையோட வேலையும் போச்சு, நாடும் போச்சு. இல்லைன்னா, செத்த பிள்ளை பிறக்கவே இல்லைன்னு ஆகிடும். இல்லைன்னுதான் சொன்னா.

பீலியில மூணாவது தரம் மிஸ் பக்கத்துல உட்கார்ந்தப்ப இராக்கம்மா எல்லாத்தையும் கொட்டிட்டா. மிஸ், "என் வாயிலருந்து வராதும்மா"ன்னாங்க. அவ்வளவுதான் வாக்கு. கற்பூரம் அடிக்கல்ல, வேதப் புத்தகத்துல கை வைக்கல்ல.

இனி தோட்டத்துப் பெரிய கிளாக்கர் விசயம். அந்த ஆளுக்கும் பேர் வேணாம், வாய் கூசுது. தோட்டத்தை அரசாங்கம் எடுத்த பிறகு வந்தவர். தோட்டத்தை நடத்துற துரைகூட அவரைக் கேட்டுத்தான் தும்முவார். லயத்துல ரெண்டு பொம்பளைங்க சண்டை பிடிக்கும்போது ஒருத்தி வாய் தவறி, "செத்தவ பேர்ல பெரட்டுக்கு நிக்கிற கூட்டந்தானே இது"ன்னு கத்திட்டாளாம். அந்தப் பேச்சு கந்தோர் வரைக்கும், அதான் தோட்டத்து ஆபீஸ் வரைக்கும், போயிடுச்சு. யாரைச் சொன்னான்னு அவருக்குத் தெரியல்ல. தெரிஞ்சா அந்தப் பேரை வெட்டிட்டுத் தன் ஆளு ஒருத்தியைப் போடலாம்.

முதல்ல என்கிட்டதான் வந்தார். டிரைவர்னா எல்லாம் தெரியும்னு ஊருக்கெல்லாம் ஒரு நினைப்பு. "என்ன அலவி, பீலியில என்ன பேசிக்கிறாங்க?"ன்னார். "அய்யா, எனக்கு கிளட்ச் தெரியும், பிரேக் தெரியும். வேற என்ன தெரியணும்?"னு கேட்டேன். முறைச்சுட்டுப் போனார்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் மிஸ்ஸைக் கந்தோருக்குக் கூப்பிட்டார். மிஸ்ஸுக்கு உள்ள கதிரையும் கேக்கும். எனக்கு வெளியில படியும் வெறுந்தேத்தண்ணியும். ஜன்னல் திறந்திருந்திச்சு. நான் ஒட்டுக் கேட்கல்ல. அந்த ஆளுக்கு மெதுவாப் பேசத் தெரியாது, நான் என்ன செய்ய?

"மிஸ், ஒன்னும் பெரிசா வேணாம். எந்தெந்த வீட்டுல புள்ள செத்திருக்குன்னு மட்டும் சொல்லுங்க. மிச்சத்த நான் பார்த்துக்கிறேன்."

"அது சொல்ல முடியாது அய்யா. அப்படிச் சொல்லித்தான் அவங்ககிட்ட கேட்டிருக்கேன்."

"தோட்டம் எங்களுது. லயம் எங்களுது."

"பதில் அவங்களுது அய்யா."

பிறகு அந்த ஆள் குரலை இனிப்பாக்கிக்கிட்டார். "மிஸ் பண்டாரவளையிலதானே படிப்பிச்சீங்க? என் மச்சினியும் அங்கதான் படிப்பிக்கிறா. உங்களப் பத்தி நிறையச் சொல்லுவா. கலியாணத்துக்கு முந்தியே ஒரு புள்ளையாமே? மொனராகலையில பெரியம்மா வீட்டுல வச்சு வளர்த்து, அதுவும் செத்துப் போச்சாமே? பாவம். இந்த லயத்துப் பொம்பளைங்களுக்கு இது தெரிஞ்சா உங்களக் காம்பராவுக்குள்ள விடுவாங்களா? டொக்டருக்குத் தெரிஞ்சா வேலையில வச்சிருப்பாரா? திங்கக்கிழமை வரைக்கும் யோசிங்க."

எழும்பி உள்ள போய் அந்த ஆளோட சட்டையைப் பிடிக்கணும்னு இருந்திச்சு. அல்லாஹ்தான் பிடிச்சு நிறுத்தினான். மிஸ் வெளியில வந்தாங்க. முகத்துல ஒன்னும் இல்ல. ஜீப்புல ஏறி ஸ்டெப்னி டயருக்குப் பக்கத்துல உட்கார்ந்தாங்க.

பசறை வந்ததும் எனக்குத்தான் பொறுக்கல்ல. "மிஸ், அந்த நாய் குரைச்சதெல்லாம் எனக்குக் கேட்டிச்சு. நான் மறந்துட்டேன். நீங்களும் இந்த வேலையை விட்டுடுங்க. மத்தேயு மெசின்ல காஜா போட்டாலும் சோறு கிடைக்கும்"னேன்.

"நான் விட்டா வேற ஒருத்தி வருவா நானா. அவ பக்கத்துல இந்தக் கிளாக்கர் கதிரை போட்டு உட்காருவார்."

அதுக்குப் பிறகு ரொம்ப தூரம் போன பிறகு, "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. எல்லாரும் பீலிக்கு வருவாங்க. ஜீப் எடுக்க முடியுமா?"ன்னாங்க. லீவு நாள்ல என்னை எழுப்பினா என் வீட்டு ஆளுக்கே ஏச்சு விழும். அன்னைக்கு மட்டும் சரின்னுட்டேன்.

மறுநாள் வெயில் அடிச்சிச்சு. மழைக்குப் பிறகு வர்ற வெயில்னா பொம்பளைங்க இருக்கிற துணியையெல்லாம் அள்ளிக்கிட்டு வந்திருவாங்க. பீலிக்கரை நிறைய ஆளு. மிஸ் கையில தாளும் இல்ல, பேனாவும் இல்ல. நேராப் போய் நடுவுல இருக்கிற கல்லுல உட்கார்ந்தாங்க. நான் மேல ரோட்டுல. என்ன சொன்னாங்கன்னு எனக்குக் கேட்கல்ல, பார்த்தேன், அவ்வளவுதான். துணி அடிச்சுக்கிட்டிருந்த கையெல்லாம் ஒன்னு ஒன்னா நின்னிச்சு. ஒரு கிழவி குடத்தைப் பிடிச்சுக்கிட்டே நின்னா, குடம் நிறைஞ்சு வழியுது, எடுக்கல்ல. தண்ணி மட்டும் விழுந்துக்கிட்டிருந்திச்சு.

பிறகு இராக்கம்மா எழும்பி வந்து மிஸ் காலடியில குனிஞ்சா. அட, கால்ல விழுறாளேன்னு நெனச்சேன். இல்ல. மிஸ் கணுக்கால்ல ஒரு அட்டை குடிச்சுக் குடிச்சு ஊதிப் போயிருந்திச்சாம், மிஸ் பேச்சுல அதைக் கவனிக்கவே இல்ல. இராக்கம்மா மடியிலருந்து வெத்திலைச் சுண்ணாம்பை எடுத்து அதுல தடவி விழுத்தினா. விழுத்திட்டு அங்கேயே உட்கார்ந்து என்னவோ கேட்டா. மிஸ் ஒரு வார்த்தை பதில் சொன்னாங்க. இராக்கம்மா கேட்டது, "புள்ள பேரென்னங்க?"ன்னு. அதையும் அந்தம்மாவே பிறகு சந்தையில வச்சுச் சொன்னா.

அந்தம்மா சொன்னபடி, அன்னைக்கு அந்தப் பொம்பளைங்ககிட்ட மிஸ் சொன்னது இவ்வளவுதான். நீங்க என்கிட்ட எத்தனை பிள்ளைன்னு கேட்டீங்க, நான் இல்லைன்னேன். அது பொய். எனக்கு ஒன்னு இருந்திச்சு, ஒன்றரை வயசுல காய்ச்சல்ல போயிடுச்சு. தகப்பன் பேர் சொல்லத் தகுதியில்லாதவன். என் வீட்டுலயே அந்தப் பிள்ளையப் பத்திப் பேச மாட்டாங்க. இதை வச்சு என்னை மிரட்டி உங்க கதைய வாங்கப் பார்க்கிறாங்க. நானே சொல்லிட்டேன். இனி என்னை உங்க பக்கத்துல உட்கார விடுறதும் விடாததும் உங்க இஷ்டம்.

விட்டாங்க. அதுதான் பெரிய விசயம்.

திங்கக்கிழமை மிஸ் கந்தோருக்குப் போய், "நீங்க சொல்றதா இருந்த கதைய நானே சொல்லிட்டேன் அய்யா, உங்களுக்குச் சிரமம் வேணாம்"ன்னாங்க. அந்த ஆள் மூஞ்சியைப் பார்க்கணுமே! எனக்குப் பெருநாள் மாதிரி இருந்திச்சு. ஆனா அந்தச் சந்தோசம் ஒரு மாசம் கூடத் தாங்கல்ல. அவர் கொழும்புக்கு ஒரு பெட்டிசன் எழுதிப் போட்டுட்டார். இந்த மிஸ் கெட்டவ, கலியாணம் இல்லாமப் பிள்ளை பெத்தவ, பீலியில உட்கார்ந்து தன் கதையச் சொல்லிச் சொல்லித்தான் பொம்பளைங்ககிட்ட பதில் வாங்கியிருக்கா, அந்தக் கணக்கு ஒன்னும் செல்லாது, வேற ஆளை வச்சுத் திருப்பி எடுக்கணும், அதுக்குத் தான் உதவி செய்றேன்னு எழுதியிருந்தார். உதவியாம்!

விளங்குதுதானே? மிஸ் அப்படிச் சொன்னது உண்மைன்னு ஆச்சுன்னா மிஸ்ஸுக்கு வேலை போகும், அது ஒரு பக்கம். புதுசா ஒருத்தி வருவா. கிளாக்கர் பக்கத்துல நிப்பார். இராக்கம்மா மகளோட கடதாசி பிடிபட்டுப் போகும். டொக்டரோட சட்டப்படி பார்த்தா மிஸ் செஞ்சது பிழைதான். கேள்வி கேட்கிறவ தன் கதையச் சொல்லக் கூடாது.

டொக்டர் விசாரணைக்கு வந்தார். பிள்ளைக் காம்பராவுல மேசை போட்டாங்க, அதுதான் வேலைக்குப் போற தாய்மார் பிள்ளைகளை விட்டுட்டுப் போற இடம். பாதிச் சுவர், மேல கம்பி, வெளியில நின்னா எல்லாம் கேட்கும். மிஸ்ஸை ஒரு மூலையில உட்கார வச்சார். கிளாக்கர் டை கட்டிக்கிட்டு வாசல்ல நின்னார். பொம்பளைங்களை ஒவ்வொருத்தியாக் கூப்பிட்டார்.

"இந்த மிஸ் பீலியடியில உங்களுக்கு என்ன சொன்னவ?"

"ஒன்னும் சொல்லலீங்க. துவைக்கிற சவுக்காரம் வெல ஏறிப் போச்சுன்னு பேசிக்கிட்டோம்."

"தனக்கு ஒரு பிள்ளை இருந்தது எண்டு சொன்னவவோ?"

"மிஸ்ஸுக்கா? அவங்களுக்கு ஏதுங்க புள்ள?"

அடுத்தவ வந்தா. அட்டைக் கடிக்கு என்ன போடுறதுன்னு மிஸ் கேட்டாங்களாம். பிள்ளையா? இல்லீங்களே. அதுக்கடுத்தவ. மிஸ்ஸு எங்க துணியக் கூடப் பிழிஞ்சு குடுத்தாங்கய்யா, நல்ல மாதிரி. பிள்ளை கிள்ளை ஒன்னும் இல்லீங்க. குடம் பிடிச்சுக்கிட்டு நின்ன கிழவி, தனக்குக் காது கேட்காதுன்னுட்டா. அந்தக் கிழவிக்கு லயத்துக் கடைசியில கோழி கத்தினாக்கூட கேட்கும். லயத்துல சண்டை பிடிச்சு வாய் தவறினாளே, அவளும் வந்தா. அவளும் இல்லைன்னுதான் சொன்னா. கிளாக்கர் டையை இழுத்து இழுத்து விட்டார்.

மிஸ் தலையைக் குனிஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. ஒவ்வொருத்தியும் இல்லைன்னு சொல்லும்போதும் அவங்க விரல் புடவைத் தலைப்பைச் சுருட்டினதை நான் பார்த்தேன். சந்தோசப்பட வேண்டிய நேரத்துல இது ஏன் இப்படி உட்கார்ந்திருக்குன்னு எனக்குக் கோபம் வந்திச்சு.

கடைசியில இராக்கம்மா. அந்தம்மா டொக்டரைப் பார்க்கல்ல. மூலையில இருந்த மிஸ்ஸையே பார்த்துக்கிட்டு நின்னா.

"சொல்லுங்கோ அம்மா. இவவுக்கு ஒரு பிள்ளை பிறந்து செத்தது எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"இல்லீங்க." செருமிட்டு மறுபடியும் சொன்னா. "அவங்களுக்குப் புள்ளையே இல்லீங்க. பொறக்கவும் இல்ல, சாகவும் இல்ல."

என்னையும் கூப்பிட்டார். "நான் மேல ரோட்டுல இருந்தேன் சேர். தண்ணி விழுற சத்தம் கேட்டிச்சு. அவ்வளவுதான்"னேன். கந்தோர்ல கேட்டதைச் சொல்லியிருந்தா அந்தக் கிளாக்கரை அன்னைக்கே கவுத்திருக்கலாம். வாய் வரைக்கும் வந்திச்சு. ஆனா அதைச் சொன்னா மிஸ்ஸோட பிள்ளையும் வெளிய வரும். என் வாழ்க்கையில நான் முழுங்கின பெரிய கவளம் அதுதான்.

டொக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். "இவ்வளவு பேரும் ஒரே மாதிரிப் பதில் சொன்னா அதுக்கு என்ன அர்த்தம் எண்டு கணக்கெடுக்கிற எனக்குத் தெரியாதோ?"ன்னு மெதுவாச் சொன்னார், யாரையும் பார்க்காம. பிறகு கிளாக்கர் பக்கம் திரும்பி, "பெட்டிசன் பொய். கணக்கு செல்லும். வேற ஆள் வரத் தேவையில்லை"ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த மனுசன் சிரிச்சதை அன்னைக்குத்தான் பார்த்தேன். பல்லு ஒன்னும் விழல்ல.

திரும்பி வரும்போது மிஸ் முதல் தடவையா முன் சீட்டுல ஏறினாங்க. ஜீப் கொஞ்ச தூரம் போயிருக்கும், குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பிச்சுட்டாங்க. நான் ஓரமா நிறுத்தினேன்.

"என்ன மிஸ் இது? வேலை தப்பிச்சு, அந்தப் பொம்பளைங்களும் தப்பிச்சாங்க, அந்த நாய் மூஞ்சியில கரி. இப்பப் போய் அழுறீங்களே!"

"நானா, நான் இத்தனை வருசமா என் பிள்ளைய இல்லைன்னு சொல்லியிருக்கேன். அப்பெல்லாம் ஒன்னும் தெரியல்ல. இன்னைக்கு அவங்க ஒவ்வொருத்தியா வந்து நின்னு இல்லை, இல்லைன்னு சொன்னாங்க பாருங்க, அப்பதான் பிள்ளை செத்த மாதிரி இருந்திச்சு."

தண்ணிப் போத்தலைக் குடுத்தேன். கொஞ்சம் குடிச்சிட்டு முகத்தைக் கழுவினாங்க. பிறகு, அந்தப் பொம்பளைங்க முதல் வாரம் செத்த பிள்ளை இல்லைன்னு தனக்குச் சொன்ன பதிலை இனிமே ஜென்மத்துக்கும் பொய்யின்னு சொல்ல மாட்டேன்னாங்க.

அந்தக் கணக்கு முடிஞ்சு டொக்டர் போயிட்டார். மிஸ் அண்ணன் வீட்டுலயே தையல் வகுப்பு வச்சாங்க. எண்பத்து மூணு கலவரத்துல பதுளை எரிஞ்ச பிறகு மத்தேயு குடும்பத்தோட திருச்சிப் பக்கம் போக முடிவெடுத்தான். ஸ்டேசனுக்கு நான்தான் கொண்டு போய் விட்டேன். சாமானெல்லாம் ஏத்தின பிறகு மிஸ் ஜன்னல் பக்கம் வந்தாங்க.

"நானா, தோட்டத்துப் பொம்பளைங்க கதை உங்களுக்கு ஒன்னும் தெரியாது. தெரிஞ்சாலும் தெரியாது."

"தெரியாது மிஸ்."

"என் கதைய மட்டும் சொல்லுங்க. யார் கேட்டாலும் சொல்லுங்க. கேட்காட்டியும் சொல்லுங்க. அந்தப் பிள்ளைய இல்லைன்னு இனி யாரும் சொல்ல வேணாம்."

ரயில் போயிடுச்சு. எனக்குக் கண்ணுல என்னவோ விழுந்த மாதிரி இருந்திச்சு, போர்ட்டர் ஒருத்தன் என்ன நானான்னு கேட்டான், போடா உன் வேலையப் பாருன்னு ஏசிட்டு வந்துட்டேன்.

அதனாலதான் சொல்றேன். நீங்க கேட்கல்ல, இருந்தாலும் சொல்றேன். றீட்டா மிஸ்ஸுக்கு ஒரு பொம்பளைப் பிள்ளை இருந்தா. மொனராகலையில, காய்ச்சல்ல போனா. பேர் மதலேனா.